கொழுப்புக்கும் மூக்கு உண்டு

ஜனவரி 9, வியாழன்

ஆய்வுக்கூடத்து எலி அறைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் இன்று முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலிலேயே நிறுத்தி, கழுவிவிட்டு வரச் சொன்னேன். "கொஞ்சூண்டுதான் மேடம்" என்றாள், கண்ணில் தண்ணீர் முட்ட. கொஞ்சூண்டோ கூடையளவோ, எலிக்கு மூக்கு இருக்கிறதே அம்மா! வாசனையைப் பற்றி ஆராய்கிற இடத்தில் வாசனை கூடாது. மணக்கிற சோப்பு, தலைக்கு எண்ணெய், பூ, ஒன்றும் ஆகாது. இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு என் பாதி ஆயுசு போய்விட்டது. என்னைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது.

ஒரு காலத்தில் நான் வருவது தெருமுனைக்கே தெரியும். அப்பாவின் ரொட்டிக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். கீழே அடுப்பு, மேலே நாங்கள். துணி, புத்தகம், தலைமுடி எல்லாவற்றிலும் வெண்ணெயும் ஈஸ்ட்டும் லேசாகக் கருகிய சர்க்கரையும் ஏறியிருக்கும். வகுப்பில் என் பையை வாங்கி முகர்ந்து பார்ப்பார்கள். சின்ன வயதில் அது பெருமை. கொஞ்சம் வளர்ந்ததும் அவமானம். சோப்பைக் கரைய விட்டுத் தேய்ப்பேன். "தோலையும் உரிச்சுக் கொடியில காயப் போட்டுட்டு வா" என்பாள் அம்மா.

இப்போது நினைத்தால் வயிற்றைக் கிள்ளுகிறது. பசிதான், வேறென்ன.

ஜனவரி 26, ஞாயிறு

தம்பி கடைக்குப் போனேன். அப்பாவுடைய கடைதான், இப்போது அவன் பார்க்கிறான். போய் எத்தனையோ வாரம் ஆகிவிட்டது. ஒரே ஊரில் இருந்துகொண்டு!

அவனுக்கு வீட்டுப் பேர் பன்னு. பேர் வைத்தவள் நான். தொட்டிலில் எட்டிப் பார்த்து "அம்மா, இது பாப்பா இல்ல, பன்னு" என்றேனாம். அன்றிலிருந்து ஐம்பது வயது தாண்டும்வரை அந்தப் பேருக்குத் துரோகம் செய்யாமல் இருந்தான். இன்று மாவறையிலிருந்து ஒருவன் வெளியே வந்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் என்று நினைத்து, "பன்னு உள்ள இருக்கானா?" என்று அவனையே கேட்டுவிட்டேன்.

"இருந்தான். இப்ப பிஸ்கட் ஆயிட்டான்" என்றான்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அவனுக்கு வாசனை போய்விட்டது. காய்ச்சல் போன பிறகும் அது வரவில்லை. ரொட்டிக்காரனுக்கு அதைவிடக் கேடு உண்டா? அப்பாவும் சரி, அவனும் சரி, அடுப்பில் வைத்துவிட்டுக் கடிகாரம் பார்த்தவர்கள் இல்லை. யாரிடமாவது வம்பளந்துகொண்டே இருப்பார்கள், சட்டென்று பேச்சை வெட்டிவிட்டு ஓடுவார்கள். மணம் கூப்பிட்டிருக்கும். இப்போது அவன் மனைவி அடுப்படியில் நின்று "எடுங்க!" என்று குரல் கொடுக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பள்ளி ஆசிரியை. அதனால் கடை முழுக்க, அவன் உட்பட, அவளுக்கு டீச்சர் என்றே பேர். அந்தக் குரலுக்கு ரொட்டியே எழுந்து நிற்கும்.

"ஏன்டா இப்படி உருகிப் போயிட்ட? சாப்பிடறதில்லையா?"

"சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல அண்ணி" என்றாள் டீச்சர். "ரெண்டு ஆள் சாப்பாடு. எங்க போகுதுன்னுதான் தெரியல."

என் கண் முன்னாலேயே முட்டையும் ரொட்டியுமாக ஒரு தட்டை முடித்து, இன்னொன்று கேட்டான். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உறைத்தது. எங்கே போகிறது என்று எனக்குத் தெரியுமே!

ஜனவரி 27, திங்கள்

காலையில் முதல் வேலையாக ஆய்வறைப் பலகையில் எழுதிப் பார்த்தேன்.

வாசனை தெரிகிற எலி, வாசனை போன எலி, இரண்டுக்கும் ஒரே கொழுப்புத் தீனி போட்டால் முதலாவது ஊதிப் போகிறது, இரண்டாவது அவ்வளவு ஊதுவதில்லை. அதன் உடம்பு கொழுப்பைச் சேர்த்து வைக்காமல் எரித்துச் சூடாக்கிவிடுகிறது. இது நான் கண்டதல்ல, எங்கள் துறையில் எல்லோரும் படித்தது. என் பங்கு சின்னது. மூக்கில் மணத்தைப் பிடிக்கிற ஏற்பிகளில் சில, கொழுப்புச் செல்லின் மேலும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே அவற்றுக்கு மணம் என்று ஒன்றும் தெரியாது. ரத்தத்தோடு மிதந்து வருகிற ஏதோ ஒரு பொருள் வந்து ஒட்டிக்கொண்டதும், "சேர்த்தது போதும், கரைத்து அனுப்பு" என்று செல்லுக்குச் சொல்லும். நான் கட்டிக்கொண்டு மாரடிக்கிற ஏற்பிக்குப் பிடித்த பொருள் கோதுமையில் இருக்கிற ஓர் அமிலம். ரொட்டிக்காரர் பெண்ணுக்கு வேறென்ன வாய்க்கும்!

இப்போது பன்னு. வாசனை இல்லை. சாப்பாடு குறையவில்லை. இளைக்கிறான். எல்லோரும் ஸ்வெட்டர் போட்ட குளிரில் அவன் பனியனோடு வியர்த்துக்கொண்டு நிற்கிறான். என் எலி மனுஷ உருவத்தில் வந்து நின்றது போல இருந்தது.

சந்தோஷமாக இருக்கிறது. தம்பி இளைத்ததற்குச் சந்தோஷப்படுகிற முதல் அக்கா நானாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எடை பார்க்கும் கருவி, தெர்மாமீட்டர், அளவு நாடா எல்லாம் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "தையல்காரியா ஆயிட்டியாக்கா?" என்றான். எல்லாம் விளக்கினேன். வாயில் தெர்மாமீட்டரோடு கேட்டுவிட்டு, எடுத்ததும் சொன்னான்:

"ஆக, என் தொப்பைக்கு மூக்கு இருக்கு. மூக்குக்குத்தான் மூக்கு இல்ல."

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"அந்தத் தொப்பை மூக்கை வச்சுப் பன் வெந்துடுச்சான்னு பார்க்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் என்ன மயித்துக்கு அது?"

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துடலாமா அண்ணி? எனக்கென்னவோ சரியாப் படல" என்றாள். "நான் இருக்கேன்ல, என்னத்துக்கு டாக்டர்?" என்றேன். இது வியாதி இல்லை, வாசனை இல்லாததற்கு உடம்பு பழகிக்கொள்கிற விதம் என்று எலிக்கதையை இன்னொரு தரம் சொன்னேன். தலையாட்டினாள். டீச்சரே தலையாட்டிவிட்டால் வேறென்ன வேண்டும்?

அவனை எடைக்கருவியில் நிறுத்தியபோது மாவு மூட்டைத் தராசு ஞாபகம் வந்தது. மாவு வந்து இறங்குகிற நாளில் அப்பா எங்களையும் அதில் ஏற்றுவார். "பொண்ணு முக்கால் மூட்டை. பையன் ஒரு மூட்டை, தவிடு நீக்காதது!" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அறிவிப்பார். பன்னு இன்னும் கனம் காட்ட வேண்டும் என்று தம் கட்டிக்கொண்டு நிற்பான். கன்னம் இரண்டும் சிவந்துபோகும். அந்தக் கன்னத்தை நான் கிள்ளாத நாள் இல்லை.

இன்று கிள்ள அங்கே ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆய்வுக்கூடத்து இயக்குநரிடம் பன்னு விஷயத்தைச் சொன்னேன். "மனுஷர்லயா!" என்று நாற்காலியை விட்டு எழுந்தார். உடனே கட்டுரையாக எழுதச் சொன்னார். இந்தக் கட்டடத்தில் எனக்காக யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்னும் இளைத்திருக்கிறான். வெந்த பன் தட்டை எடுக்கும்போது கை ஆடியது. ஒரு தட்டு கீழே போய்விட்டது. டீச்சர் ஏதோ சொல்ல, அவள்மேல் எரிந்து விழுந்தான். பன்னு அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. அவள் பேசாமல் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன்.

"தூக்கம் வர மாட்டேங்குதுக்கா. படுத்தா நெஞ்சு திடுதிடுன்னு ஓடுது."

எரிகிற உடம்பில் அப்படி இருக்கும். வாசனை போன எலிகளிலும் அட்ரினலின் மாதிரிப் பரபரப்புச் சுரப்பு ஏறித்தான் இருக்கும். பொருந்துகிறது. எல்லாமே பொருந்துகிறது. அவனிடமும் அதையேதான் சொன்னேன்.

தூக்கம் என்றால் அவன் தூக்கம்! மேலறையில் தரைதான் எங்களுக்குப் படுக்கை. அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற இடம் மட்டும் இளஞ்சூடாக இருக்கும். அதற்குக் குளிர்காலத்தில் தினமும் சண்டை. பன்னு உருண்டு வந்து பிடித்துக்கொள்வான். தள்ளினால் நகராது அந்தப் பாறை. கடைசியில் அவன் முதுகில் ஒண்டிக்கொள்வேன். தரைச்சூட்டைவிட அது இதமாக இருக்கும். "போர்வை வேண்டாம், தம்பி போதும்" என்று அம்மாவிடம் சொன்னவள் நான்.

ஊரில் எல்லோருக்கும் கொழுப்பு என்றால் எதிரி. எனக்கு அது முதலில் தெரிந்தது ஒரு குளிர்காலத்துத் தூக்கமாகத்தான். இதை எந்தக் கருத்தரங்கில் போய்ச் சொல்வது?

மார்ச் 16, ஞாயிறு

போகவில்லை. கட்டுரை வேலை.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும். படம் வரைவது முடியவில்லை. தம்பியைப் பற்றிய கட்டுரைக்காகத் தம்பியைப் பார்க்கப் போகவில்லை. சிரிப்பு வருகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

விழுந்துட்டான். கடையிலயே. மாவு பிசையற மேசைக்குப் பக்கத்துல.

டீச்சர் போன்ல அழல. "அண்ணி, இவர் விழுந்துட்டார், ஆஸ்பத்திரிக்குப் போறோம், வாங்க" அவ்வளவுதான். ஆய்வறை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழட்டாம ஓடினேன். நெஞ்சு தாறுமாறா அடிக்குதாம். எத்தனைன்னு எண்ணக்கூட முடியலன்னாங்க.

கடவுளே, கடவுளே. நான் என்ன பண்ணிட்டேன்?

ஏப்ரல் 4, வெள்ளி

ஆபத்து தாண்டிவிட்டது என்கிறார்கள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கட்டிலோரம் வந்து, அவனைக் கையை நீட்டச் சொன்னாள். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். தாள் படபடவென்று நடுங்கியது. கழுத்தைத் தடவிப் பார்த்து, எச்சில் விழுங்கச் சொன்னாள். "தைராய்டு. ரொம்ப நாளா அதிகமாச் சுரந்திருக்கு. ரத்தம் பார்த்தா உறுதியாகிடும்" என்றாள். எல்லாம் ஒரு காபி ஆறும் நேரத்துக்குள். சாயங்காலம் ரத்த முடிவும் அதையே சொன்னது.

நிறைய சாப்பிட்டும் இளைப்பது, வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை, சிடுசிடுப்பு, நெஞ்சு ஓட்டம். படிக்கும் காலத்தில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன், நான்! வாசனை போனது காய்ச்சலால். இளைத்தது தைராய்டால். ஒன்றுக்கொன்று சம்பந்தம் கட்டியது நான்தான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். எனக்குக் கண்டதெல்லாம் ஏற்பி.

"இவ்வளவு இளைச்சிருக்கார், வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று அந்த டாக்டர் கேட்டாள். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றைக்குக் கேட்டுவிட்டாள். நடைபாதையில், மெதுவாக, வகுப்பில் கத்துகிற அந்தக் குரல் இல்லாமல்.

"படிச்சவங்க சொல்றீங்களேன்னு விட்டேன் அண்ணி. ராத்திரியெல்லாம் அவர் நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். காலையில உங்க பேச்சை நினைச்சுக்கிட்டு எழுந்து போயிடுவேன்."

காலில் விழுந்திருக்கலாம். விழத் தோன்றவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இயக்குநரிடம் போய் அந்தக் கதை முடிந்தது, அது தைராய்டு என்றேன். "அடடா" என்றார். எனக்காகவா, கட்டுரைக்காகவா என்று தெரியவில்லை. வந்து எலிகளுக்குத் தீனி மாற்றினேன். அவை பாவம், அவை ஒரு பொய்யும் சொல்லவில்லை. எலியில் இருப்பது எலியில் இருக்கிறது. தம்பிக்கு அதைத் தைத்துப் போட்டது யார்?

ஏப்ரல் 19, சனி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை, ஓய்வு, அடிக்கடி ரத்தம். கடை திறந்திருக்கிறது, வேலையாட்களை வைத்து டீச்சர் ஓட்டுகிறாள். என் போனை எடுப்பதில்லை. பன்னு எடுத்தான்.

"அவ கோபமா இருக்கா. கொஞ்ச நாள் விடு."

"நீ?"

"எனக்குக் கோபப்பட்டா நெஞ்சு ஓடுமாம். டாக்டர் கூடாதுன்னுட்டாங்க."

போனை வைத்தேன். நான் மேல்படிப்புக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. ரயில் நிலையத்துக்கு அப்பா வரவில்லை, அடுப்பை விட முடியாது. பன்னுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை மடியில் போட்டான். சுடச்சுட ரொட்டி. ரயில் பெட்டி முழுக்க மணம் பரவி, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. அடுத்த நிலையத்தில் எதிர் சீட்டுக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டேன். ஒரு துண்டுகூட நான் சாப்பிடவில்லை.

அந்த மணத்துக்கு இன்று என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். அதைப் போட்டவனுக்கும் இப்போது அது தெரியாது.

மே 11, ஞாயிறு

கூப்பிடாமலே போனேன். டீச்சர் கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். "வாங்க அண்ணி. வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அதெல்லாம் அப்புறம். முதல்ல இவர்கிட்ட சொல்லுங்க, மாத்திரையைக் குழந்தை மாதிரி நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிறார்" என்றாள். அவனை ஒரு அதட்டு அதட்டினேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினான்.

கை நடுக்கம் குறைந்திருக்கிறது. என்னைப் போல இரண்டு மடங்கு சாப்பிடுகிறவன் இன்று என்னைவிடக் கம்மியாகச் சாப்பிட்டான். அதைப் பார்த்துக் கவலைப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை. இந்தத் தரம் அனுமானம் எதுவும் செய்யவில்லை. டீச்சரைக் கேட்டேன். "டாக்டர் இப்படித்தான் ஆகும்னாங்க, நல்லதுதான்" என்றாள்.

ஜூன் 7, சனி

பன்னு ஆய்வறைக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நான் கூப்பிட்டதே இல்லையோ? ஞாபகம் இல்லை.

எலி அறையில் முதல் தடவை நுழைகிற யாரும் மூக்கைப் பொத்தாமல் இருந்ததில்லை. இவன் கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிதானமாக நடந்தான். அன்று பவுடர் அப்பிக்கொண்டு வந்த பெண் ஆச்சரியப்பட்டுப் போனாள். "பெரிய மனுஷன் மேடம் உங்க தம்பி" என்றாள். "மூக்கு லீவுல இருக்கு, அதான்" என்றான்.

நுண்ணோக்கியில் கொழுப்புச் செல்லைக் காட்டினேன். உருண்டை உருண்டையாக, எண்ணெய்த் துளி நிறைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"அழகா இருக்கேக்கா. தட்டுல அடுக்கின பன் மாதிரி. இதுக்கா மூக்குங்கற?"

"ம்."

"இதுக்கு என்ன தெரியும்?"

"வாசனைன்னு தெரியாது. ஏதோ வந்திருக்குன்னு மட்டும் தெரியும்."

"பரவாயில்ல. எனக்கு அதுகூடத் தெரியல."

பிறகு கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு போனான். ஒவ்வொரு கூண்டிலும் தொங்குகிற அட்டையைக் காட்டி என்ன என்று கேட்டான். எடை, தீனி, உடம்புச் சூடு, தினமும் பார்த்து எழுதுவோம், ஒரு எலி சுணங்கினால் அன்றைக்கே ரத்தம் எடுத்துவிடுவோம் என்றேன்.

அவன் அட்டையை விட்டுக் கையை எடுத்தான். "டீச்சர் சொல்றா, நீ என்னை எலியாப் பார்த்துட்டியாம். நான் இல்லேன்னேன். எலியாப் பார்த்திருந்தா தினமும் வந்து பார்த்திருப்பேல்ல?"

குத்திச் சொல்லவில்லை. அவனுக்குக் குத்தத் தெரியாது. அதனால்தான் ஆழமாக இறங்கியது. கையுறையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அது கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். பன்னு என் தோளில் கையைப் போட்டு, "சரி, சரி, பசிக்குது, வா" என்றான்.

ஜூன் 29, ஞாயிறு

போனேன். வாசனை இன்னும் வரவில்லை. வராமலே போகலாம் என்று மூக்கு டாக்டர் சொல்லிவிட்டாராம். அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "இப்ப என்ன மணக்குது, சொல்லு" என்றான். வெண்ணெய் என்றேன். "அது எனக்குத் தெரியாதா? இன்னும் சொல்லு." பால் காய்வது போல, அதன் ஓரம் பிடிக்கத் தொடங்குவது போல, ஈரத்துணியை இஸ்திரி போடுவது போல என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் "எடுங்க!" என்று கத்தினாள்.

ஜூலை 13, ஞாயிறு

போனேன்.

ஜூலை 20, ஞாயிறு

போனேன். மழை. குடை கிழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

டீச்சர் ஆய்வறைக்கே போன் செய்தாள். கையில் இருந்த கூண்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் எடுத்தேன். ஒன்றுமில்லை, புகார். கல்யாணம் ஒன்றுக்குப் போக எடுத்த சட்டையில் பொத்தான் போட முடியவில்லையாம், வேறு சட்டைக்கு நேரமும் இல்லையாம்.

"தொப்பை திரும்பப் போட ஆரம்பிச்சுட்டார் அண்ணி. நீங்கதானே இதுல பெரிய ஆளு. கரையறதுக்கு ஏதாவது வழி சொல்லுங்களேன்."

இதற்காகத்தான் என் ஆயுசு முழுக்க உழைத்திருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை எலி.

"இருக்கட்டும் டீச்சர்" என்றேன். "கொஞ்ச நாள் இருக்கட்டும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பின்னால் பன்னு, "போன்ல அழுதுக்கிட்டே நில்லு, அங்க தட்டு கருகினா எனக்கா தெரியும்?" என்று கத்தினான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.